நோகுதோ, நோகேல்லையோ

1

இந்த வாரம் கவுன்சிலிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. கோடை விளையாட்டு நாளுக்காக எங்கள் கத்தோலிக்கப் பங்கு ஒவ்வொரு வருடமும் வட லண்டன் எட்மண்டனில் ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுக்கும். முதலுதவி தெரிந்த ஒருவர் கடைசிவரை அங்கே நிற்பார் என்று உறுதி சொன்னால்தான் கவுன்சில் மைதானத்தைத் தரும். நான் மருத்துவமனைத் தாதி. அதனால் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிடுவது பங்கு விளையாட்டுக் கழகத்தின் வழக்கம். கழகத்தின் தலைவர் என் கணவர் ஜெறோம் என்பதால் முறைப்பாடு செய்யவும் இடமில்லை.

அழைத்தவர் இளம் குரலில் பேசினார். பிலோமினா என்ற என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். திருப்பி வாசித்தார், பிழையாக. மறுபடி சொன்னேன். பிறகு கேட்டார்:

"போன வருடம் எத்தனை பேருக்கு அடிபட்டது?"

"உண்மையாகவா?" என்று கேட்டுவிட்டேன்.

உண்மையாகத்தான், என்றார்.

"ஒரு ஆளுக்கு. கணுக்கால் சுளுக்கு."

நல்லது, என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. மைதானத்தில் போன வருடம் விழுந்து கிடந்தவர்களை எல்லாம் எண்ணினால் ஒரு வார்டே நிரம்பும். ஊரில் இருக்கிற சிநேகிதிகள் லண்டனில் என்ன புதினம், என்ன செய்தி என்று கேட்டு எழுதுகிறார்கள். குளிர், வாடகை, ஷிப்ட் என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. இந்தத் தடவை இதை எழுதுகிறேன்.

2

ஜெறோமும் நானும் மன்னார்த் தீவுக்காரர். அங்கே கோயில் திருநாள் வந்தால் உதைபந்தாட்ட இறுதிப் போட்டியும் வரும். பெண்பிள்ளைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கவேண்டும். பந்து எங்கள் காலடிக்கு உருண்டு வந்தாலும் உதைக்கக்கூடாது, கையால் எடுத்துக் கொடுக்கவேண்டும். நான் தாதிப் பயிற்சியில் இருந்த வருடம் மட்டும், முதலுதவிக் கூடாரத்தில் வேலை தந்ததால், கயிற்றுக்கு உள்ளே நின்று பார்த்தேன். இடப்பக்க முன்வரிசையில் ஓடிய ஒருவரைக் கணுக்கால் பிசகிவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கட்டுப் போட்டு அனுப்பினேன். மறுநாள் காலையில் அதே ஆள் மருத்துவமனை வாசலால் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனார். மறித்துக் கேட்டதற்கு, "நீர் கட்டின கட்டு அப்பிடி" என்றார். அன்றைக்கு அவருக்கு உண்மையாகவே நொந்ததா என்பதற்கு இன்றுவரை எனக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. அவரையே கலியாணம் கட்டி, இடம்பெயர்ந்து, லண்டனுக்கு வந்து, அவர் பஸ் ஓட்டத் தொடங்கி, எங்களுக்கு ஷரோன் பிறந்து வளர்ந்தும் விட்டாள். இனி அதைக் கிளறி என்ன பயன்.

ஷரோனுக்குப் போன வருடம் பதினைந்து வயது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்தியிருந்தாள். பூசைக்கு வருவாள், ஆனால் காதில் வயர் இருக்கும். தகப்பனோடு பேசுவதென்றால், பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பயிற்சியிலிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால், அது யாரிடமிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் அதைப் பற்றிக்கூட இருவரும் அதிகம் பேசியதில்லை.

அந்தக் கோடையில் ஜெர்மனியில் உலகக் கிண்ணம் நடந்தது. எங்கள் தெருவில் கார்களில் எல்லாம் கொடி. ஷரோனும் தகப்பனும் ஒரே சோபாவில் இருந்து பார்த்தார்கள். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். ஒரு நாள், முன்னணியில் நின்ற ஒரு நாட்டின் ஆட்டக்காரர் ஒருவர், எதிரணி வேகம் பிடிக்கிற நேரமாகப் பார்த்து விழுந்து உருண்டார். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோய்க் கோட்டுக்கு வெளியே வைத்ததும் துள்ளி எழுந்து திரும்ப ஓடினார்.

"தட்ஸ் சீற்றிங், அப்பா," என்றாள் ஷரோன்.

"அது ஏமாத்து இல்லைப் பிள்ளை. மற்றவன் கெதியா ஓடேக்கை அவன்ரை வேகத்தை உடைக்கவேணும். அதுவும் விளையாட்டுத்தான்."

அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் அவள் கழகக் கூட்டத்துக்கே வந்தாள். தமிழ்க் கழகங்களுக்கிடையே ஆவணி முடிவில் நடக்கும் போட்டியில் இந்த முறை பெண்களுக்கும் இடமுண்டு, பங்கின் பெயரில் எங்களையும் சேருங்கள், என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பின்னால் அவளுடைய தோழிகள் நின்றார்கள். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் பொறுப்பெடுப்பது, எங்கே உடை மாற்றுவது, அடிபட்டால் யார் பதில் சொல்வது என்று தொடங்கினார்கள். ஜெறோம் கடைசியாகச் சொன்னார்:

"உங்களுக்கு ஆசை இருக்கு, சரி. ஆனால் கழகத்தின்ரை பேரைக் காப்பாத்துற அளவுக்கு விளையாடுவியளோ எண்டு எங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"அப்ப எங்களோடை விளையாடுங்கோ," என்றாள் ஷரோன். அவ்வளவு நீளமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டுக் கனகாலம். "அப்பாமார் டீம். நாங்கள் வென்றால் பேரைக் குடுங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெறோமும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் என்னிடம் மட்டும் திட்டத்தைச் சொன்னாள். அப்பாமார் பந்தை நன்றாக வைத்திருப்பார்கள், அது அவளுக்குத் தெரியும். ஆனால் மூச்சு இல்லை. பந்து வெளியே போனால் உடனே எறிவது, ஃபவுல் என்றால் உடனே உதைப்பது, கோல் போட்டாலும் கொண்டாடாமல் திரும்பி ஓடுவது. அவர்களை ஒரு நிமிடமும் நிற்கவிடக்கூடாது.

"பாவம் அவையள்," என்றேன்.

"அம்மா, நீங்க யார் பக்கம்?"

"நான் முதலுதவி," என்றேன்.

3

விளையாட்டு நாளில் வெயில் நன்றாக எறித்தது. பக்கத்துக்கு ஏழு பேர். மாற்று ஆட்கள் இல்லை. மத்தியஸ்தராக நின்றவர் சேவியர். அவர் மலேசியத் தமிழர், ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே கணக்காளராக இருப்பவர். எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமில்லை என்பதால் அவரைப் பிடித்தார்கள். விதிகளையெல்லாம் வாசித்துவிட்டு வந்திருந்தார்.

தொடங்கிச் சற்று நேரத்திலேயே பிள்ளைகள் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். இரண்டாவதைப் போட்டவள் மெலனி. பின்வரிசையில் மலைபோல நின்ற அந்தோனி அண்ணையின் மகள். யாரோடும் சத்தமாகப் பேசாத பிள்ளை. தகப்பனைச் சுற்றி ஓடிப்போய்ப் பந்தை உள்ளே தட்டிவிட்டு, ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பி ஓடினாள். எங்கள் ஆண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள்.

அடுத்த பந்தும் ஷரோனின் காலுக்கு வந்தபோது, அவளுக்கு எவ்வளவோ தூரத்தில் நின்ற அந்தோனி அண்ணை "ஐயோ" என்று புல்லில் சாய்ந்தார். ஷரோன் உடனே பந்தை வெளியே உதைத்தாள். ஒருவர் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தவேண்டும் என்று அவளுடைய பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சேவியரும் வந்து குனிந்தார்.

"என்ன ஆச்சு அண்ணே?"

"நாரி பிடிச்சிட்டுது தம்பி," என்றார் அந்தோனி அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு.

சேவியர் நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்த்தார். "எந்தப் பொண்ணு புடிச்சா?" என்று கடுமையாகக் கேட்டார்.

எங்களுக்கு நாரி என்றால் இடுப்பின் பின்பக்கம். ஈப்போவில் படித்த தமிழில் நாரி என்றால் பெண். நான் விளங்கப்படுத்த வாயைத் திறப்பதற்குள் அவர் விசிலை ஊதி அப்பாமாருக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். ஜெறோம் அதை அழகாக வளைத்து உள்ளே அனுப்பினார். நாரி பிடிபட்டவர் எழுந்து கை தட்டினார்.

அதற்குப் பிறகு விழுவது ஒரு தொற்றுநோய்போலப் பரவியது. பிள்ளைகள் வேகம் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு அப்பா விழுவார். ஒருவருக்குத் தொடை, ஒருவருக்குக் கண்ணில் தூசி. பிள்ளைகள் பந்தை வெளியே உதைப்பார்கள். நான் ஓடுவேன். அந்த இடைவெளியில் மற்ற அப்பாமார் தண்ணீர் குடிப்பார்கள், குனிந்து மூச்சு வாங்குவார்கள். முதலில் மரியாதைக்குப் பந்தைப் பிள்ளைகளிடமே திருப்பி எறிந்தார்கள். பிறகு எட்டமாக, மூலைக்கு எறிந்தார்கள். பிள்ளைகளின் ஓட்டம் குழம்பிவிட்டது. அப்பாமார் இன்னொரு கோல் போட்டு இரண்டுக்கு இரண்டாக்கினார்கள்.

ஒரு தடவை நான் ஒருவருடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்க, ஜெறோம் பக்கத்தில் வந்து குனிந்து மெல்லச் சொன்னார்: "பிலோ, ஆறுதலாப் பாரும். அவசரமில்லை."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. நடிக்கிறவர்கள் நடிக்கட்டும். என் பையையும் அந்த நாடகத்தில் சேர்த்துவிட்டாரே. தூரத்தில் ஷரோன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையை விரித்துக் காட்டினாள்.

சேவியர் என்னிடம் வந்தார். வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. "சிஸ்டர், இவங்களுக்கெல்லாம் நெஜமாவே அடிபட்டிருக்கா? நீங்கதான் சொல்லணும் லா. எனக்கு ஒண்ணும் தெரியலை."

நோகிறது என்று சொல்கிறவரைப் பார்த்து உனக்கு நோகவில்லை என்று சொல்ல ஒரு தாதிக்கு உரிமையில்லை. அங்கேயும் அப்படித்தான் படித்தேன், இங்கேயும் அப்படித்தான் வேலை செய்கிறேன். ஆகவே நம்புவது என்று முடிவெடுத்தேன். முழுவதாக நம்புவது.

"நான் எல்லாரையும் நம்புறன்," என்றேன் சேவியரிடம். "ஆனால் அடிபட்ட ஆளைத் திரும்ப ஓடவிடுறது ஆபத்து. இனி நான் கை வைச்சுப் பார்க்கிற ஆள் எவரும் திரும்ப விளையாட ஏலாது. அதுக்கு நான்தான் பொறுப்பு. கவுன்சிலுக்கும் என்ரை பேர்தான் போயிருக்கு."

சேவியரின் முகம் மலர்ந்தது. "அது போதும் சிஸ்டர்," என்று விசிலை ஊதி எல்லாருக்கும் அறிவித்தார். அப்பாமார் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்ததாக விழுந்தவர் மறுபடியும் அந்தோனி அண்ணைதான். நான் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன்.

"எங்கை நோகுது அண்ணை?"

"கால் பிள்ளை. இந்தக் கால் முழுக்க."

"நெஞ்சுக்குள்ளை ஏதும் செய்யுதோ?"

பெரிதாகச் சொன்னால் நேரம் கூடக் கிடைக்கும் என்று நினைத்தார்போல. "ஓம், கொஞ்சம் இறுக்கமாத்தான் கிடக்கு," என்றார்.

"அப்ப அம்புலன்ஸ் கூப்பிடுறன்."

மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சிலை ஒண்டுமில்லைப் பிள்ளை. கால்தான். கால் மட்டும்தான்."

கால் என்றால் கால். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை பன்டேஜைச் சுற்றி, கோட்டுக்கு வெளியே ஒரு கதிரையில் இருத்தி, காலைத் தூக்கி இன்னொரு கதிரையில் வைத்தேன். சுற்றிநின்ற பெண்கள் விசிறிவிட்டார்கள். அவர் பரிதாபமாக இருந்து ஆட்டத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஜெறோம் ஒரு தடவை விழுந்தார். பழைய பழக்கம். நான் பையோடு வருவதைப் புல்லில் கிடந்தபடியே பார்த்தார்.

"நோகுதோ?" என்று கேட்டேன்.

யோசித்தார். சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"நோகேல்லை," என்றார்.

"அப்ப எழும்புங்கோ."

எழும்பினார். மைதானம் முழுக்கச் சிரித்தது. ஷரோன் மட்டும் சிரிக்காமல், பந்தை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

4

அதன் பிறகு நடந்ததுதான் ஆட்டம். ஒருவரும் விழவில்லை. அப்பாமாருக்குள் எங்கேயிருந்தோ பழைய ஊர் ஆட்டம் வெளியே வந்தது. பந்தைக் காலுக்குக் கால் கொடுத்து, ஓடாமலே பிள்ளைகளை ஓடவைத்தார்கள். பக்கத்துக்கொரு கோலாக மூன்றுக்கு மூன்று ஆனது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பந்தைத் துரத்திக்கொண்டு வந்த ஷரோனின் கால் புல்லுக்குள் இருந்த ஒரு குழியில் மடங்கியது. விழுந்தாள். விழுந்த கையோடு எழுந்தாள். ஒற்றைக் காலில் இரண்டு தரம் துள்ளி, மற்றக் காலையும் ஊன்றி ஓடப் பார்த்தாள். பந்து ஜெறோமிடம் போயிருந்தது. பிள்ளைகளின் கோல் காப்பாளர் முன்னால் வந்துவிட்டதால் கோல் வாசலில் எவரும் இல்லை. பார்த்துக்கொண்டு நின்ற நாங்கள் எல்லோரும், இனி அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

ஜெறோம் பந்தின் மேல் காலை வைத்து நிறுத்தினார். திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு பந்தைப் பக்கக் கோட்டுக்கு வெளியே உதைத்துவிட்டு அவளிடம் ஓடினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஷரோன் நின்றுகொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஐம் ஃபைன், அம்மா" என்றாள்.

"இரும் பிள்ளை. பார்ப்பம்."

"நான் படுக்கமாட்டன். நானும் நடிக்கிறன் எண்டு நினைப்பினம்."

அந்தச் சொல் தகப்பனுக்கு எங்கே போய்ப் பட்டது என்பதை அவருடைய முகத்தில் பார்த்தேன். "ஒருத்தரும் நினைக்கமாட்டினம்," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "படும்மா." அவளுடைய தோளைப் பிடித்துப் புல்லில் இருத்தினார்.

கணுக்கால் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தது. எலும்பு உடையவில்லை, சுளுக்குத்தான். ஆனால் நான் கை வைத்துப் பார்த்துவிட்டேன். சட்டம் சட்டம்தான்.

"வெளியிலை வாரும்," என்றேன்.

"அம்மா, எனக்கு உண்மையா நோகுது. அது அவையளுக்குப் போட்ட சட்டம்."

"உண்மையா நோகிற ஆளுக்குத்தான் போட்டனான்."

அழுதாள், கோபத்தில். ஜெறோம் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கோட்டுக்கு வெளியே இருத்தினார். தானும் பக்கத்தில் இருந்தார். "நீங்கள் விளையாடுங்கோ. நான் பிள்ளையோடை இருக்கிறன்," என்று தன் ஆட்களுக்குச் சொன்னார். அப்படியானால் அப்பாமார் ஐந்து பேர், பிள்ளைகள் ஆறு பேர். ஷரோன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தாள்.

"அங்கிள்," என்று சேவியரைக் கூப்பிட்டாள். "அந்தோனி அங்கிளை விடுங்கோ. ஈவனா இருக்கட்டும்."

சேவியர் என்னைப் பார்த்தார். நான் அந்தோனி அண்ணையைப் பார்த்தேன். "கால் எப்பிடி அண்ணை?"

"ஆண்டவர் புதுமை செய்திருக்கிறார் பிள்ளை," என்று எழுந்து நின்றார். பக்கத்தில் நின்ற பங்குச் சுவாமி சிரிப்பை அடக்க வேறு பக்கம் பார்த்தார். அண்ணை பன்டேஜோடே உள்ளே ஓடினார்.

பந்து பிள்ளைகளுக்குரிய எறிவு. மெலனி கையில் பந்தோடு ஷரோனைப் பார்த்தாள். திருப்பிக் கொடுப்பதா என்று கேட்கிற பார்வை. இதைக் கொடுத்துத் தோற்றால் போட்டியும் இல்லை, ஒன்றுமில்லை. ஷரோன் தலையை ஆட்டினாள். மெலனி பந்தை அப்பாமாரிடமே எறிந்தாள், மூலைக்கு அல்ல, நேரே காலுக்கு. பார்த்துநின்ற சனம் கை தட்டியது.

பிறகு பிள்ளைகள் அந்தப் பந்தை அவர்களிடமிருந்து ஓடிப் பறித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று தட்டு. மெலனி தகப்பனை நோக்கி வந்தாள். அந்தோனி அண்ணை குறுக்கே காலை நீட்டினார், நேர்மையாக. அவள் அதற்கு முன்னமே போய்விட்டாள்.

முடியும் நேரத்தில் பந்து உள்ளே போனபோது எனக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. அப்பாமார் அணியின் தலைவர், எதிரணியின் கோலுக்குக் கையை உயர்த்திக்கொண்டு துள்ளிக்கொண்டிருந்தார். மகள் அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, யூ லொஸ்ற்," என்றாள். "ஓம், ஓம்," என்று அவர் இன்னும் துள்ளினார்.

அன்று பின்னேரம் குசினியில் சமைக்கும்போது கேட்டேன், தோற்பதற்கு அவ்வளவு பயமா என்று.

"தோக்கிறதுக்கு இல்லை, பிலோ," என்றார் ஜெறோம். "எனக்கு மூச்சு வரேல்லை. அடிபட்டு விழுந்தவனைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கமாட்டினம். இளைச்சு நிக்கிறவனைப் பார்த்துச் சிரிப்பினம். பிள்ளை பார்த்துக்கொண்டு நிக்கேக்கை..." ஷரோன் முன்னறையில் உறைந்த பட்டாணிப் பையைக் காலில் வைத்துக்கொண்டு, தோழிகள் ஒவ்வொருவருக்காகத் தொலைபேசியில் அந்தக் கோலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

5

பெண்கள் அணிக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்றபோது ஜெறோம் தானே கையைத் தூக்கினார். பிள்ளைகளோடு நிற்பவருக்குப் போலீஸ் சான்று அவசியம் என்றார்கள். மன்னாரில் படையினரிடம் கடலுக்குப் போகப் பாஸ், வரப் பாஸ் என்று வாழ்ந்த மனிதர், பந்துக்குப் பின்னால் ஓடவும் பாஸா என்று சிரித்தார். அது வந்துசேரப் போட்டிக்கு முந்தைய வாரம் ஆகிவிட்டது. ஷரோனின் காலும் அதற்குள் ஆறிவிட்டது. மாலையில் இருவரும் பூங்காவுக்குப் போவார்கள். திரும்பி வரும்போதும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், ஒருவர் தமிழிலும் ஒருவர் ஆங்கிலத்திலும்.

போட்டி மோர்டன் பக்கம் நடந்தது. எங்கள் பிள்ளைகள் இரண்டு ஆட்டம் வென்று அரையிறுதிக்கு வந்தார்கள். அதில் எதிரணிப் பிள்ளைகள் எங்களைவிட வேகம். ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னுக்கு நின்றோம். ஆனால் எங்கள் பிள்ளைகளின் கால் ஓய்ந்துவிட்டது. பந்து எங்கள் வாசலைச் சுற்றியே நின்றது. மெலனி மூச்சு வாங்கிக்கொண்டு கோட்டுப் பக்கம் வந்தாள்.

"அங்கிள்," என்று கேட்டாள் மெல்லிய குரலில், "நான் ஒருக்கா விழட்டா?"

நான் ஜெறோமைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்தேன்.

"நோகுதோ?" என்று கேட்டார்.

"இல்லை. டயேர்டா இருக்கு."

"அப்ப நட பிள்ளை. இளைச்சால் நட, ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். பிறகு ஓடு."

அவள் நடந்தாள். பிறகு ஓடினாள். எதிரணி அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டது. தோற்றோம். எங்கள் பிள்ளைகள் போய் அவர்களைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்து, ஜெறோமைத் தண்ணீரால் நனைத்தார்கள். எதற்கென்று அவருக்கும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

திரும்பி வரும்போது அவர்தான் வான் வண்டியை ஓட்டினார். நாள் முழுக்கக் கத்தியதில் குரல் போய்விட்டது. பின்னால் பிள்ளைகள் ஒரே பாட்டு. நோர்த் சேர்குலர் வீதியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது ஷரோன் முன்சீற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கேட்டாள்:

"அடுத்த வருசமும் நீங்கள்தானே மனேஜர், அப்பா?"

அவர் வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. லண்டனில் காரணமில்லாமல் ஹோர்ன் அடிப்பது மரியாதையில்லை. பஸ் ஓட்டுகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். விளக்கு பச்சையானதும், இரண்டு தரம் அடித்தார்.